நாற்காலியும் அதிகாரமும்: இங்கிலாந்தின் மருத்துவமனைக் கவர்னர்கள் நமக்குச் சொல்லும் வரலாறு



கவர்னர் என்றதும் நம் நினைவுக்கு வருவது கிண்டியில் இருக்கும் மாளிகை. அங்கே இருப்பவருக்கு நம்மில் யாரும் வாக்களிப்பதில்லை. தில்லி நியமிக்கிறது, தில்லி திரும்ப அழைத்துக்கொள்கிறது. இங்கிலாந்தில் இதே சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. அங்கே அரசு மருத்துவமனைகளுக்குக் கவர்னர்கள் இருக்கிறார்கள். அந்தப் பகுதி மக்களும் நோயாளிகளும் ஊழியர்களும் வாக்களித்து அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளம் கிடையாது, போக்குவரத்துச் செலவு போன்றவை மட்டும் திரும்பக் கிடைக்கும். பேருந்து ஓட்டுபவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளி என யார் வேண்டுமானாலும் கவர்னர் ஆகலாம். 2004 முதல் இந்த ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. 2025 ஜூலையில் பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட பத்தாண்டு நலவாழ்வுத் திட்டம், மருத்துவமனைகளுக்குக் கவர்னர்கள் இருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கப்போவதாக அறிவித்தது.

சித்த மருத்துவராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்த அயோத்திதாசப் பண்டிதரின் நினைவில் கூடியிருக்கும் நாம், ஏழு கடல் தாண்டிய ஒரு பதவியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. மருத்துவமனையில் மருந்து கிடைக்கிறதா என்ற கேள்வியை நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்த மருத்துவமனையைக் கணக்குக் கேட்கும் நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார், அவரை அங்கே உட்காரவைத்தது யார், அவர் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்ற கேள்விகளை நாம் குறைவாகவே கேட்டிருக்கிறோம். இங்கிலாந்து இந்தக் கேள்விகளோடு முந்நூறு ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறது. அந்த வரலாற்றில் ஒடுக்கப்பட்டோர் படிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது என்று நாங்கள் கருதுகிறோம்.

பணம் கொடுத்தவரே கவர்னர்

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய மருத்துவமனைகள் நன்கொடையால் நடந்தவை. ஆண்டுதோறும் குறிப்பிட்ட தொகை கொடுத்தவர் கவர்னர் ஆவார். ஊழியர்களை நியமிப்பதில் அவருக்கு வாக்கு உண்டு. அதைவிட முக்கியமாக, எந்த நோயாளியை உள்ளே சேர்க்கலாம் என்று பரிந்துரைக் கடிதம் கொடுக்கும் உரிமை உண்டு. ஏழை ஒருவர் நோயில் விழுந்தால் முதலில் தேட வேண்டியது மருத்துவரை அல்ல, கடிதம் கொடுக்கும் கனவானை. குணமடைந்து வெளியேறும்போது அந்தக் கனவானுக்கு நன்றி சொல்வதும் வழக்கத்தில் இருந்தது.

லண்டனில் 1726-இல் திறக்கப்பட்ட கைஸ் மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். அதைக் கட்டிய தாமஸ் கையின் செல்வத்தில் பெரும்பகுதி சவுத் சீ கம்பெனியின் பங்குகளை விற்றதில் வந்தது. ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாகப் பிடித்து ஸ்பானிய அமெரிக்காவுக்கு விற்கும் உரிமத்தை வைத்திருந்த கம்பெனி அது. யாரையோ விலங்கிட்டுச் சேர்த்த பணம் வேறு யாருக்கோ கட்டிலாகவும் கஞ்சியாகவும் மாறியது. அந்தக் கட்டிலில் படுத்தவர் கவர்னரிடம் கேள்வி கேட்க முடியாது. தர்மம் வாங்கியவர் கணக்குக் கேட்பது நன்றிகெட்டதனம் என்று கருதிய காலம். நம் ஊரிலும் இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதல்ல. கொடுப்பவன் கை மேலே இருக்கும்வரை வாங்குபவன் வாய் மூடியிருக்க வேண்டும்.

சொத்துக்கு ஆறு வாக்கு

நன்கொடை மருத்துவமனை கதவைத் திறக்காத ஏழைகளுக்கு இருந்த மற்றொரு இடம் வொர்க்ஹவுஸ். வேலை செய்தால்தான் சோறு என்ற நிபந்தனையோடு ஏழைகளை அடைத்துவைத்த விடுதி அது. அதன் நோய்ப்பிரிவுகள்தான் பின்னாளில் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் பலவாக வளர்ந்தன. 1834-ஆம் ஆண்டின் புதிய ஏழையர் சட்டம் இவற்றைக் கார்டியன்கள் குழு என்ற அமைப்பிடம் ஒப்படைத்தது. கார்டியன்கள் வரி செலுத்துவோரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். பொதுப் பணத்தில் நடக்கும் நோய்ப்பிரிவை மேற்பார்க்கத் தேர்தல் வந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஆனால் என்ன தேர்தல்? சொத்தின் மதிப்பு கூடக்கூட வாக்கும் கூடியது. சொத்துக்காரராக ஆறு வாக்கு, அங்கே குடியிருப்பவராக இன்னும் ஆறு வாக்கு என ஒரே ஆள் பன்னிரண்டு வாக்குவரை போடலாம். கார்டியனாக நிற்கவும் சொத்துத் தகுதி வேண்டும். மறுபக்கம், ஏழையர் சட்டத்தின் கீழ் உதவி பெற்றவருக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு கிடையாது. ஏழையர் சட்ட மருத்துவரிடம் சிகிச்சை பெற்றாலே வாக்குரிமை போய்விடும் என்ற நிலை 1885 வரை நீடித்தது. நோய் வந்தால் குடிமகன் தகுதியே ரத்து. மருத்துவமனையின் கொடுமையை உடம்பில் அனுபவித்த ஒருவர் அதைப் பற்றி வாக்களிக்க முடியாதபடி சட்டமே பார்த்துக்கொண்டது.

இதன் விளைவு 1845-இல் ஆண்டோவர் என்ற ஊரில் வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலை கொடுக்கப்பட்ட வொர்க்ஹவுஸ்வாசிகள், பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியிருந்த சதையையும் மஜ்ஜையையும் கடித்துத் தின்றார்கள். கார்டியன்கள் குழுவின் பெரும்பான்மை அதைக் கண்டுகொள்ளவில்லை. ஹியூ மண்டி என்ற ஒரே ஒரு கார்டியன் விடாமல் கேள்வி எழுப்பினார். குழு செவிசாய்க்காதபோது, 'லான்செட்' மருத்துவ இதழைத் தொடங்கியவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான தாமஸ் வேக்லியிடம் விஷயத்தைக் கொண்டுபோனார். நாடாளுமன்றம் விசாரித்தது. 1847-இல் ஏழையர் சட்ட ஆணையமே கலைக்கப்பட்டு வேறு அமைப்பு வந்தது.

ஆண்டோவரில் இரண்டு உண்மைகள் ஒன்றாகக் கிடக்கின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதாலேயே அந்தக் குழு யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. உள்ளே நுழையும் உரிமையும் கூட்டத்தில் பேசும் உரிமையும் கொண்ட ஒருவர் இருந்ததால்தான் அந்தக் கொடுமை வெளியே வந்தது. இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

உள்ளே இருந்தவர் தலைவரானார்

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. 1875-இல் லண்டனின் கென்சிங்டனில் மார்த்தா மெரிங்டன் முதல் பெண் கார்டியனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1894-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் சொத்துத் தகுதியை ஒழித்தது, ஒருவருக்குப் பல வாக்கு என்ற முறையையும் ஒழித்தது. சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கான பெண்கள் கார்டியன்கள் ஆனார்கள். தொழிலாளர்களும் வந்தார்கள்.

அவர்களில் வில் குரூக்ஸின் கதையை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு லண்டனில் பாப்லர் என்ற துறைமுகத் தொழிலாளர் பகுதி. குரூக்ஸ் சிறுவனாக இருந்தபோது வறுமையால் அந்தப் பாப்லர் வொர்க்ஹவுஸுக்குள் போனவர். வளர்ந்து, தொழிற்சங்கத்தில் சேர்ந்து, அதே பாப்லரின் கார்டியன்கள் குழுவுக்குத் தலைவரானார். உணவையும் உடையையும் மாற்றினார். அந்தக் கஞ்சி எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அனுபவம் உள்ளவர் கையில் அதிகாரமும் சேர்ந்தபோது என்ன நடக்கும் என்பதற்கு அவர் ஒரு சான்று.

என்ன நடந்தது என்பதன் இன்னொரு பக்கமும் பாப்லரில்தான் இருக்கிறது. 1921-இல் ஜார்ஜ் லான்ஸ்பரி தலைமையில் பாப்லர் கவுன்சிலர்கள், லண்டன் முழுமைக்குமான அமைப்புகளுக்குத் தங்கள் பங்குத் தொகையைக் கட்ட மறுத்தார்கள். தொற்றுநோய் மருத்துவமனைகளை நடத்திய பெருநகர வாரியமும் அந்த அமைப்புகளில் ஒன்று. மருத்துவமனை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலையில்லாதோர் நிறைந்த பாப்லரும் செல்வர்கள் வாழும் மேற்கு லண்டனும் சுமையை நியாயமாகப் பகிர வேண்டும் என்றார்கள். 30 கவுன்சிலர்கள் சிறை சென்றார்கள், பெண்கள் உட்பட. சுமார் ஆறு வாரம் கழித்து அரசு இறங்கிவந்தது; செலவைப் பகிரும் சட்டமும் வந்தது. சிறையிலிருந்து வந்த மின்னி லான்ஸ்பரி அடுத்த ஜனவரியில் 32 வயதில் இறந்துபோனார். அந்த நாட்களில் அம்பேத்கர் அதே நகரத்தில் லண்டன் பொருளாதாரக் கல்லூரி மாணவராக இருந்தார் என்பதையும் இங்கே குறித்துவைக்கிறோம்.

அரசு அந்தத் தோல்வியை மறக்கவில்லை. 1926-இல் பொது வேலைநிறுத்தமும் சுரங்கக் கதவடைப்பும் நடந்தபோது, பட்டினி கிடந்த தொழிலாளர் குடும்பங்களுக்குச் சில கார்டியன்கள் குழுக்கள் தாராளமாக உதவின. நலத்துறை அமைச்சர் நெவில் சேம்பர்லேன் ஒரு சட்டம் கொண்டுவந்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட கார்டியன்களை அகற்றி, அமைச்சர் நியமிக்கும் ஆட்களை அந்த இடத்தில் உட்காரவைக்கலாம். வெஸ்ட் ஹாம், செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட், வேல்ஸ் சுரங்கப் பகுதியான பெட்வெல்டி ஆகிய மூன்று இடங்களில் அது நடந்தது. 1929-ஆம் ஆண்டின் சட்டம் கார்டியன்கள் முறையையே முடித்து, பொறுப்பை மாவட்ட, நகர கவுன்சில்களுக்கு மாற்றியது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். சொத்துக்காரர்கள் மட்டும் கார்டியன்களாக இருந்த 60 ஆண்டுகள் அந்தப் பதவி சரியான பதவி. ஏழைகள் வாக்களித்து, ஏழைகளில் சிலர் உட்கார்ந்து, ஏழைகளுக்காக அதைப் பயன்படுத்திய 30 ஆண்டுகளில் அது பொறுப்பற்ற பதவி ஆகிவிட்டது.

பெவன் எடுத்த முடிவு

பெட்வெல்டிக்குள் அடங்கிய ஊர்தான் ட்ரெடிகர். அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளி அனைரின் பெவன்தான் 1948 ஜூலை 5 அன்று தேசிய நலவாழ்வுச் சேவையைத் தொடங்கிவைத்த அமைச்சர். ட்ரெடிகரில் தொழிலாளர்கள் கூலியில் ஒரு சிறு பங்கைச் சேர்த்து நடத்திய மருத்துவ உதவிச் சங்கம் இருந்தது. அதன் நிர்வாகத்தைத் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்தார்கள். பெவன் உள்ளூர் மருத்துவமனைக் குழுவில் இருந்து பழகியவர். எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்ற கனவுக்கு அந்தச் சிறிய ஊர் முன்மாதிரி.

உள்ளாட்சிகளும் அப்போது வெறுமனே இருக்கவில்லை. லண்டனின் ஃபின்ஸ்பரி பகுதியில் பஞ்சாபிலிருந்து வந்த மருத்துவர் சுனி லால் கத்யால் கவுன்சிலராகி, பொதுச் சுகாதாரக் குழுவின் தலைவராகி, 1938-இல் ஒரு நவீன நலவாழ்வு மையத்தைத் திறக்கச் செய்தார். அதே ஆண்டு ஃபின்ஸ்பரியின் மேயரும் ஆனார். காலனி நாட்டிலிருந்து போன ஒருவர் வாக்கு வாங்கி, வெள்ளைத் தொழிலாளர்களின் காசநோயையும் பல்நோயையும் கவனிக்கும் அமைப்பை உருவாக்கினார்.

ஆனாலும் பெவன் மருத்துவமனைகளை உள்ளாட்சியிடம் விடவில்லை. அமைச்சரவையில் ஹெர்பர்ட் மாரிசன் அதற்காக வாதாடினார். பெவனின் பதில் பாப்லரின் பதில்தான்: பணக்கார ஊருக்கு ஒரு மருத்துவமனையும் ஏழை ஊருக்கு வேறொன்றும் என்றால் அது தேசியச் சேவை ஆகாது. உள்ளாட்சியின் கீழ் வேலை செய்ய மருத்துவர்களும் மறுத்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் அரசுடைமை ஆயின. அவற்றை மேற்பார்க்க அமைச்சர் நியமித்த வாரியங்கள் வந்தன. பெரிய போதனா மருத்துவமனைகளுக்குக் கவர்னர்கள் குழு என்ற பழைய பெயரே தொடர்ந்தது. அவர்களும் நியமன உறுப்பினர்கள்தான்.

பெவனை நாம் குறை சொல்லவில்லை. வாசலில் காசு கேட்காத மருத்துவமனையை அவர் கொடுத்தார். அதற்காகக் கொடுத்த விலை, ட்ரெடிகர் தொழிலாளியிடம் இருந்த அந்த வாக்கு. அந்த விலையின் கனம் 1967-இல் தெரிந்தது. கார்டிஃப் நகரின் ஈலி மருத்துவமனையில், மனவளர்ச்சி குன்றியோர் ஆண்டுக்கணக்கில் அடைக்கப்பட்டிருந்த வார்டுகளில் நடந்த கொடுமையை ஓர் உதவிச் செவிலியர் பத்திரிகைக்குச் சொன்னார். ஜெஃப்ரி ஹௌ தலைமையிலான விசாரணை அறிக்கை 1969-இல் வந்தது. நியமிக்கப்பட்ட குழுக்கள் அத்தனை ஆண்டுகள் அங்கே இருந்தும் கண்ணில் படாதது, கடைநிலை ஊழியர் ஒருவரின் கண்ணில் பட்டிருந்தது.

1974-இல் சமுதாய நலவாழ்வு மன்றங்கள் என்ற அமைப்பு வந்தது. அதன் உறுப்பினர்களில் பாதிப்பேரை உள்ளாட்சிகள் அனுப்பின, தன்னார்வ அமைப்புகளும் ஒரு பங்கை அனுப்பின. மருத்துவமனைக்குள் போய்ப் பார்க்கலாம், மூடும் முடிவை எதிர்க்கலாம், அந்த வழக்கை அமைச்சர்வரை கொண்டுபோகலாம். இங்கிலாந்தில் 2003-இல் அவை கலைக்கப்பட்டன. அதே ஆண்டுதான் கவர்னர்களைத் திரும்பக் கொண்டுவரும் சட்டம் நிறைவேறியது.

கவர்னருக்கு என்ன அதிகாரம்?

2003 நவம்பரில் டோனி பிளேர் அரசு ஃபவுண்டேஷன் டிரஸ்ட் சட்டத்தை 17 வாக்கு வித்தியாசத்தில் நிறைவேற்றியது. சொந்தக் கட்சியிலேயே கடும் எதிர்ப்பு. அமைச்சரின் நேரடிக் கட்டுப்பாட்டிலிருந்து மருத்துவமனைகளை விடுவித்து, கடன் வாங்கவும் உபரியை வைத்துக்கொள்ளவும் சுதந்திரம் கொடுப்பது திட்டம். சந்தைக்குக் கதவு திறக்கிறது என்று எதிர்த்தவர்களுக்கு அரசு சொன்ன பதில் கவர்னர்கள்: மருத்துவமனையை இனி ஊர்மக்கள் சொந்தம் கொண்டாடுவார்கள். 2004 ஏப்ரல் 1 அன்று முதல் 10 டிரஸ்டுகள் தொடங்கின. பின்னர் அந்த எண்ணிக்கை 140-ஐத் தாண்டியது.

அமைப்பு இப்படி. அந்தப் பகுதியில் வாழ்பவர் யாரும் கட்டணமின்றி உறுப்பினர் ஆகலாம். உறுப்பினர்கள் கவர்னர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். கவர்னர்கள் மன்றத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பொதுமக்களும் நோயாளிகளும் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். ஊழியர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் குறைந்தது மூவர், உள்ளாட்சியின் பிரதிநிதி குறைந்தது ஒருவர். பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு, மீண்டும் நிற்கலாம்.

இந்த மன்றம் மருத்துவமனையை நடத்துவதில்லை. நடத்துவது இயக்குநர் குழு. அந்தக் குழுவின் தலைவரையும், அன்றாட நிர்வாகத்தில் இல்லாத இயக்குநர்களையும் கவர்னர்கள் நியமிக்கலாம், நீக்கலாம், ஊதியம் நிர்ணயிக்கலாம். தணிக்கையாளரை நியமிக்கலாம். தலைமை நிர்வாக அதிகாரியின் நியமனத்துக்கு ஒப்புதல் தரலாம். 2012-ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் சிலவற்றைச் சேர்த்தது. இயக்குநர் குழுவின் செயல்பாட்டுக்கு அந்த இயக்குநர்களைப் பொறுப்பேற்கச் செய்வது கவர்னர்களின் கடமை. இரண்டு டிரஸ்டுகள் இணைய அவர்கள் ஒப்புதல் வேண்டும். கட்டண நோயாளிகள் போன்ற வெளி வருமானத்தின் பங்கை ஓராண்டில் 5 சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ உயர்த்தவும் அவர்கள் வாக்களிக்க வேண்டும்.

தாளில் பார்த்தால் சிறிய அதிகாரமில்லை. நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் கட்டு தெரியும். இயக்குநர் குழுவின் தலைவரே கவர்னர்கள் மன்றத்துக்கும் தலைவர். யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவரே கூட்டத்தை நடத்துகிறார். அவரை நீக்க வேண்டுமானால் மன்ற உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும். கவர்னர் படிக்கும் அறிக்கைகளை எழுதுவது அவர் கண்காணிக்க வேண்டிய நிர்வாகம். தலைமை அதிகாரியை நீக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. போட்டியே இல்லாமல் இடங்கள் நிரம்புவது அரிதன்று. உறுப்பினர் பட்டியலில் சேர்ந்தவர்தான் வாக்காளர். அப்படிச் சேர்வதற்கு நேரமும் பழக்கமும் உள்ளவர்களே பெரும்பாலும் சேர்கிறார்கள். இரண்டு ஷிஃப்ட் வேலை பார்க்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு அந்தத் தேர்தல் நடந்ததே தெரியாமல் போகலாம்.

இதை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். நலவாழ்வுச் சேவையைக் கரீபியனிலிருந்தும் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் சென்ற செவிலியர்களும் மருத்துவர்களும் தொடக்கத்திலிருந்தே தாங்கி வந்திருக்கிறார்கள். இன்று அதன் ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் வெள்ளையரல்லாதவர். மேல்தட்டு அப்படி இல்லை. 2014-இல் ரோஜர் க்ளைன் வெளியிட்ட ஆய்வு, லண்டன் டிரஸ்டுகளின் தலைமையைப் பனி மூடிய வெள்ளைச் சிகரங்கள் என்ற உருவகத்தால் விவரித்தது. அடிவாரத்தில் நிறம் இருக்கும், உச்சியில் இருக்காது. நம் ஊர் மருத்துவமனைகளில் மலம் அள்ளுபவர் யார், கையெழுத்துப் போடுபவர் யார் என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

ஸ்டாஃபோர்டு

இந்த ஏற்பாட்டின் முதல் பெரிய சோதனை ஸ்டாஃபோர்டு மருத்துவமனை. 2005 முதல் 2009 வரை அங்கே நோயாளிகள் சொந்தக் கழிவிலேயே கிடந்தார்கள், தண்ணீர் எட்டாமல் தவித்தார்கள், வலிமருந்து வரவில்லை. செலவைக் குறைக்க ஊழியர்களைக் குறைத்ததும், ஃபவுண்டேஷன் டிரஸ்ட் தகுதி பெறுவதிலேயே நிர்வாகம் குறியாக இருந்ததும் அதற்குக் காரணங்கள். 2008 பிப்ரவரியில், அந்தக் கொடுமையின் நடுவே, அந்தத் தகுதி கிடைத்தது. கவர்னர்கள் வந்தார்கள். கொடுமை நிற்கவில்லை. தாயை அந்த மருத்துவமனையில் இழந்த ஜூலி பெய்லியும் அவரைப் போன்ற குடும்பத்தினரும் தெருவில் நின்று போராடித்தான் நாட்டைத் திரும்பிப் பார்க்கவைத்தார்கள். அந்த நாட்களில் ஃபவுண்டேஷன் டிரஸ்டின் இயக்குநர் குழு கதவை மூடிக்கொண்டு கூடச் சட்டம் இடம் கொடுத்தது. 2012-ஆம் ஆண்டின் சட்டம்தான் அதை மாற்றியது.

ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. கவர்னர்களை ஒழியுங்கள் என்று அது சொல்லவில்லை. அவர்களின் பொறுப்பை வலுப்படுத்தச் சொன்னது; உறுப்பினர்களுக்கு மட்டுமின்றி பொதுமக்கள் அனைவருக்கும் அவர்கள் பதில் சொல்ல வேண்டும் என்றது. பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த பத்தாண்டுத் திட்டம் கவர்னர்கள் கட்டாயமில்லை என்கிறது. நோயாளிகளின் கருத்தை வேறு புதிய வழிகளில் திரட்டிக்கொள்ளலாம் என்கிறது. மக்கள் குரலைச் சேகரிக்க 2013-இல் தொடங்கிய ஹெல்த்வாட்ச் அமைப்பையும் கலைப்பதாக அதே கோடையில் அறிவிப்பு வந்தது.

கவர்னர்கள் பயனற்றவர்கள், வாக்குப்பதிவு குறைவு, ஊரின் முகம் அவர்களிடம் இல்லை என்று சொல்பவர்களின் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. மேலே நாங்களே அதைச் சொல்லியிருக்கிறோம். ஆனால் கையைக் கட்டிவிட்டு நீச்சல் தெரியவில்லை என்று சொல்வதில் என்ன நியாயம்? 1926-இல் அதிகாரம் இருந்தது, அதை ஏழைகளுக்காகப் பயன்படுத்தினார்கள், அதனால் அகற்றப்பட்டார்கள். 2025-இல் அதிகாரம் போதவில்லை, அதனால் பயன்படவில்லை, அதனால் தேவையில்லை என்கிறார்கள். இரண்டு முறையும் மேலே இருப்பவர்கள் சொன்ன காரணம் வேறு. கீழே இருப்பவர்கள் இழந்தது ஒன்றுதான்.

கருத்துக் கேட்பதும் கணக்குக் கேட்பதும் ஒன்றல்ல. கருத்துப் படிவத்தைக் குப்பையில் போடலாம். தலைவரை நீக்க வாக்கு வைத்திருப்பவரைக் குப்பையில் போட முடியாது.

நமக்குத் தெரிந்த கணக்கு

நியமனமா தேர்தலா என்ற இந்த வழக்கு நம் வரலாற்றின் நடுவில் இருக்கும் வழக்கு. 1920-களில் சென்னைச் சட்டமன்றத்துக்குள் எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் நியமனம் வழியாகத்தான் போனார்கள். பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்று 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தவர் நியமன உறுப்பினரான சீனிவாசன். நியமன நாற்காலியிலும் மானமுள்ளவர் உட்கார்ந்தால் வேலை நடக்கும் என்பதற்கு அது சான்று. ஆனால் நியமித்தவர் நினைத்தால் அந்த நாற்காலி அடுத்த முறை இருக்காது. அம்பேத்கர் 1919-இல் சவுத்பரோ குழு முன்பும் 1928-இல் சைமன் குழு முன்பும் தேர்ந்தெடுக்கப்படும் பிரதிநிதித்துவத்துக்காக வாதாடியது அதனால்தான். 1932-இல் கேள்வி இன்னும் கூர்மையானது. தேர்தல் உண்டு, சரி, யார் வாக்கில்? பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் பிரதிநிதியின் வெற்றி நம் வாக்கில் மட்டும் நிற்கவில்லை. அதன் விளைவை இன்றுவரை பார்க்கிறோம்.

அந்த அனுபவத்தோடு இங்கிலாந்தின் மருத்துவமனையைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் தெளிவாகின்றன. அந்த நாற்காலிக்கு யார் வாக்களிக்கிறார்? உட்கார்ந்தவர் கையில் நீக்கும் அதிகாரமும் ஆவணத்தைப் பார்க்கும் அதிகாரமும் இருக்கிறதா? அவரை அந்த இடத்திலிருந்து அகற்றக்கூடியவர் யார்? 18-ஆம் நூற்றாண்டின் கவர்னருக்கு அதிகாரம் இருந்தது, மக்கள் வாக்கு இல்லை. வில் குரூக்ஸுக்கும் அவர் தோழர்களுக்கும் வாக்கும் அதிகாரமும் இருந்தன, அகற்றும் கத்தியை மேலிடம் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2004-இன் கவர்னருக்கு வாக்கு இருந்தது, அதிகாரம் பாதிதான். மூன்றும் ஒன்றுசேர்ந்த காலம் அங்கே நீடிக்கவே இல்லை.

நம் அரசு மருத்துவமனைகளிலும் ஒரு குழு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1990-களில் இந்தூரில் தொடங்கி, 2005-க்குப் பிறகு தேசிய ஊரக நலவாழ்வுத் திட்டம் நாடு முழுவதும் கொண்டுவந்த அமைப்பு அது. இந்தியில் ரோகி கல்யாண் சமிதி. தமிழ்நாட்டில் நோயாளர் நலச் சங்கம். அதிகாரிகளும் நியமிக்கப்பட்டவர்களும் அதில் உறுப்பினர்கள். நோயாளி யாருக்கும் வாக்கு இல்லை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் இல்லை. இங்கிலாந்தில் ஒழிக்கப்போகும் கவர்னரிடம் இருந்த அந்தப் பாதி அதிகாரம்கூட நம்மிடம் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே இந்த அரங்கிலிருந்து வெளியே போகும் தோழர்களிடமும் மாணவர்களிடமும் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில் யார் யார் உறுப்பினர்கள், கடைசியாக எப்போது கூடினார்கள், என்ன செலவு செய்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். சேரியிலிருந்து எத்தனை பேர், துப்புரவுப் பணியாளர்களிலிருந்து எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். வரும் பதிலை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படியுங்கள். அடுத்த ஆண்டு இதே மேடையில் அந்தப் பட்டியல்களை ஒன்றாக வைத்துப் பேசுவோம். தேர்தல் வேண்டும் என்ற கோரிக்கையை அதற்குப் பிறகு எழுதினால், அது வெறும் ஆசையாக இருக்காது, கணக்காக இருக்கும்.